கழுவாத டம்ளர்

"காபி குடிச்சேனாடா?"

ஒரே காலையில் மூன்றாவது முறையாக அம்மா கேட்டபோதுதான் மகனுக்கு உறைத்தது. கும்பகோணத்தில் உள்ள அந்த வீட்டு ஃபில்டரில் 50 வருடங்களாக டிகாக்‌ஷன் இறக்கியவர் அம்மா. இப்போது வயது 72.

"அல்சைமர்... ஆரம்பக் கட்டம்தான்" என்றார் டாக்டர்.

அந்த வாரமே மகனின் வாட்ஸ்அப்புக்கு ஒரு தகவல் வந்தது: 'காபி குடித்தால் மறதி வராது!' அவ்வளவுதான். அம்மா கேட்டபோதெல்லாம் காபி கொடுத்தார். நாளொன்றுக்கு ஆறேழு டம்ளர். இரண்டே வாரத்தில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. பகலில் குழப்பம் கூடியது.

"நீங்க படிச்சதுல பாதிதான் உண்மை" என்றார் டாக்டர். பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரையுள்ள 3,65,682 பேரைப் பல வருடங்கள் கவனித்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. தினமும் இரண்டு மூன்று கப் காபியும், இரண்டு மூன்று கப் டீயும் குடித்தவர்களுக்கு, இரண்டையும் தொடாதவர்களைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு 28 சதவிகிதம் குறைவாக இருந்தது. ஆனால், காபிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. அதே வருடம் வந்த வேறோர் ஆய்வில், ஆறு கப்புக்கு மேல் காபி குடித்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது.

"வந்த மறதியைக் காபி விரட்டாது. உள்ளே போன கஃபைன்ல பாதி குறையவே அஞ்சு மணி நேரம்போல ஆகும். தூக்கம் கெட்டா மூளைக்குத்தான் நஷ்டம். காலையில ஒண்ணு, மத்தியானத்துக்குள்ள இன்னொண்ணு. போதும். சர்க்கரையைக் குறைங்க."

"திரும்பத் திரும்பக் கேட்டா என்ன பண்றது டாக்டர்?"

"அவங்களையே போடச் சொல்லுங்க. அடுப்பு பக்கம் நீங்க கூட நில்லுங்க."

இப்போது காலையில் மகன் பக்கத்தில் நிற்கிறார். பொடி எத்தனை ஸ்பூன் என்பது அம்மாவுக்குச் சில நாள் மறந்துபோகிறது, கை மறக்கவில்லை. டபராவில் ஆற்றும்போது ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. குடித்த டம்ளரை மட்டும் யாரும் உடனே கழுவுவதில்லை. அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

"காபி குடிச்சேனாடா?"

மகன் டம்ளரைக் காட்டுகிறார். அடியில் காய்ந்திருக்கும் நுரையை உற்றுப் பார்த்துவிட்டு அம்மா சிரிக்கிறார்.

"குடிச்சிருக்கேன். நீ குடிச்சியாப்பா?"