வைப்பரின் சத்தமும் நம் அவசரத் தீர்ப்பும்



மழைக்காலம் தொடங்கிவிட்டது. பழைய வாகனம் வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை இங்கே எழுதுகிறோம். பார்வைக்கு இது ஒரு வைப்பரைப் பழுதுபார்த்த கதைதான். ஆயினும் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, பழுது வைப்பரில் மட்டும் இருக்கவில்லை என்பது நமக்கு விளங்கியிருந்தது.

நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபுக்கு ஒரு வேன் உண்டு. 2006-ஆம் ஆண்டு மாடல். ஜமாஅத்தார் பணம் திரட்டி, ஒருவர் ஓட்டிப் பழகிய வண்டியை வாங்கித் தந்தார்கள். அஸருக்குப் பின் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துவருவதும், மஃரிப் தொழுகை முடிந்ததும் அவர்களை வீடுகளில் கொண்டுபோய் விடுவதும் நம் பொறுப்பு. தனியாக ஓட்டுநர் வைத்துச் சம்பளம் கொடுக்க மக்தபுக்கு வசதியில்லை. ஆகவே ஓதிக்கொடுப்பவரே ஓட்டுநரும் ஆனார்.

முதல் மழையன்று மாலை வைப்பரைப் போட்டோம். ரப்பர் கண்ணாடியின் மீது வழுக்கிச் செல்லாமல், தடதடவென்று துள்ளித் துள்ளிச் சென்றது. அது போன வழியெல்லாம் சீப்பால் கோடு போட்டதுபோல் நீர் வரிவரியாக நின்றது. பின்னிருக்கையிலிருந்து ஒரு பிள்ளை, “ஹஜ்ரத், வைப்பர் கல்கலா பண்ணுது!” என்றது. அன்று காலைதான் கல்கலா எழுத்துகளை அழுத்தி, அதிரச் செய்து ஓதும் முறையைப் பாடம் நடத்தியிருந்தோம். எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

சிரிப்பு இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. சத்தம் மட்டும் நின்றபாடில்லை. ரப்பர் தேய்ந்திருக்கும் என்று முடிவு செய்து, மக்தபின் கணக்கில் 350 ரூபாய்க்கு ஒரு ஜோடி பிளேடு வாங்கி மாட்டினோம். ஓரிரு நாள் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றியது. பிறகு பழைய தடதடப்பே திரும்பியது. சரக்கு சரியில்லை என்று எண்ணி வேறொரு கடையில் இன்னொரு ஜோடி வாங்கினோம். அதுவும் அப்படியே. ரப்பரில் தேங்காய் எண்ணெய் தடவினால் சத்தம் அடங்கிவிடும் என்று ஒருவர் சொல்ல, அதையும் செய்து பார்த்தோம். அன்றிரவு எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் வானவில்லாகப் பரவிக் கண்ணைக் கூசச் செய்தது.

இந்த நிலையில்தான் இரண்டு தவறுகளைச் செய்தோம்.

முதல் தவறு, ஒரு பிள்ளையின் மீது பழி சுமத்தியது. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன். முன்பு ஒருநாள் வைப்பரின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் படாரென்று விட்டதை நாம் கண்டிருந்தோம். அது நினைவுக்கு வந்ததும், ‘இவனுடைய வேலைதான்’ என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அவனைக் கண்டித்து, பின்னிருக்கையின் மூலைக்கு மாறச் சொன்னோம். “நான் ஒண்ணும் பண்ணலை ஹஜ்ரத்” என்று ஒருமுறை சொன்னான். அதன்பின் பேசவில்லை.

இரண்டாம் தவறு, வைப்பரை நிறுத்தி வைத்தது. காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று, தூறல் நாட்களில் வைப்பரை அணைத்தே வைத்திருப்போம். கண்ணாடியில் துளிகள் சேர்ந்த பிறகு ஒருமுறை போடுவோம், துடைத்ததும் நிறுத்திவிடுவோம். நாளடைவில் அது பழக்கமாகிவிட்டது. சத்தம் இல்லாததால் வண்டி சரியாகிவிட்டது போன்ற ஒரு மயக்கமும் கூடவே வந்தது.

ஒருநாள் மஃரிபுக்குப் பின் மெல்லிய தூறல். வண்டியில் ஏழு பிள்ளைகள். வைப்பர் அணைந்திருந்தது. எதிரே ஒரு லாரி விளக்கை உயர்த்திப் போட்டபடி வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒவ்வொரு துளியும் ஒரு விளக்காகிவிட்டது, சாலை மறைந்துபோயிற்று. லாரி கடந்த அந்தக் கணத்தில், நமக்கு முன்னால் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துபோகும் ஒரு பெரியவரின் முதுகு தெரிந்தது. பிரேக்கை மிதித்தோம். ஈரச் சாலையில் வண்டி சற்று வழுக்கி, அவருக்கு இரண்டு முழ தூரத்தில் நின்றது. பிள்ளைகளில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பெரியவர் திரும்பிப் பார்த்தார். “பார்த்துப் போங்க பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

அவர் நம்மை நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இரவு முழுவதும் அந்த அமைதியான குரல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஏழு வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சாலையில் நடந்த அந்தப் பெரியவரின் உயிரும் அந்த நேரத்தில் நம் கையில் அமானிதமாகவே இருந்தது. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அன்று நம் ஒட்டகம் கட்டப்படாமல் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மக்தப் முடிந்ததும், பேருந்து நிலையத்துக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அறுபதை நெருங்கும் மனிதர். நாம் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சத்தம் போறப்ப வருதா பாய், திரும்பி வர்றப்ப வருதா?”

நமக்குத் தெரியவில்லை. இரண்டு வாரமாக அந்தச் சத்தத்தைச் சகித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தோமே தவிர, ஒருமுறையாவது அதை உன்னிப்பாகக் கேட்டிருக்கவில்லை. அவர் குவளையில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியில் ஊற்றி, வைப்பரைப் போடச் சொன்னார். இப்போது கேட்டோம். ஓட்டுநர் பக்கத்து வைப்பர் மேலேறும்போது அமைதியாகச் சென்றது. கீழிறங்கும்போது மட்டுமே துள்ளியது. மற்றொரு வைப்பரில் சத்தமே இல்லை.

“ரப்பர் புதுசு. ஒரு பக்கம் போறப்ப மட்டும்தான் சத்தம். அப்ப கைதான் முறுக்கியிருக்கு” என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். வைப்பரின் ரப்பர் முனை மெல்லிய உதடு போன்றது. கை எந்தத் திசையில் போனாலும், அந்த உதடு சற்றுச் சாய்ந்தபடி பின்னால் இழுபட்டு வரவேண்டும். கை திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் உதடும் மறுபக்கம் புரண்டுகொள்ள வேண்டும். இதற்குக் கை கண்ணாடிக்கு நேராக இருப்பது அவசியம். கை சற்றே முறுகியிருந்தால், ஒரு திசையில் உதடு இழுபடாமல் முட்டித் தள்ளப்படும். அப்போது அது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், இழுவை தாங்காமல் விடும், மறுபடி பிடிக்கும். இந்தப் பிடித்தலும் விடுதலும்தான் தடதடப்பு.

கேட்டதும் நமக்குச் சாக்பீஸ் நினைவுக்கு வந்தது. கரும்பலகையில் எழுதும்போது சில நேரம் கிறீச்சென்று பல் கூசும்படி ஒலிக்குமே, அதுவும் இதே பிடித்தலும் விடுதலும்தான். சாக்பீஸின் சாய்வைச் சற்று மாற்றிப் பிடித்தால் அந்த ஒலி நின்றுவிடும். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் அந்தச் சாய்வைத் திருத்திக்கொண்டிருக்கும் நமக்கு, வைப்பரில் அது தோன்றவில்லை.

அவர் முதலில் ஒரு சாக்குத் துணியை மடித்துக் கண்ணாடியின் மீது போட்டார். “பிளேடு இல்லாம கை ஸ்பிரிங் வேகத்துல அடிச்சா கண்ணாடி விட்டுடும்” என்றார். பிறகு பிளேடைக் கழற்றி, கையின் முனையை மெல்லக் கண்ணாடியின் மீது இறக்கிக் காட்டினார். அந்தத் தட்டையான முனை கண்ணாடிக்கு இணையாகப் படியாமல் ஒருபக்கம் தூக்கி நின்றது. வெற்றுக் கண்ணுக்கே தெரிந்தது.

“வண்டிக்குக் கவர் போடுவீங்களா பாய்?”

போடுவோம். அந்தக் கேள்வியிலேயே நமக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மழை தொடங்குவதற்கு முன் ஒரு விடியற்காலை, பஜ்ருக்குப் பின், அவசரமாகக் கவரை உருவும்போது அதன் கயிறு வைப்பர் கையில் சிக்கியது. இறங்கி எடுத்துவிடச் சோம்பி, ஒரே இழுப்பாக இழுத்தது நாம்தான். அந்தச் சிறுவன் அல்ல.

அதன்பின் அவர் செய்த வேலை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு ஸ்பேனரால் கையைத் தாங்கிப் பிடித்து, மற்றொன்றால் முனையை மிகச் சிறிதளவே திருப்பினார். இறக்கிப் பார்த்தார், இன்னும் சிறிது திருப்பினார். கையின் அடிப்புறத்து நட்டை இறுக்கினார். அதன்பின் கண்ணாடியைச் சுட்டிக்காட்டி, “இதுல ஒரு கடையே இருக்கு” என்று சிரித்தார். கடற்காற்றின் உப்பு, லாரிப் புகை, போதாததற்கு நம்முடைய தேங்காய் எண்ணெய். பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் இரண்டு முறை கழுவினார். கண்ணாடி சுத்தமாகிவிட்டதை அறிய அவர் காட்டிய வழி எளியது: தண்ணீர் ஊற்றினால் ஒரே படலமாகப் பரவி வழிய வேண்டும்; திட்டுத்திட்டாகவும் முத்துமுத்தாகவும் நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. ரப்பரின் முனையையும் ஈரத்துணியால் அழுத்தாமல் துடைத்தார்.

வைப்பரைப் போட்டோம். சத்தமே இல்லை. கூலியாக 50 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சகோதரர்களுக்காக அவரிடம் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறோம். சத்தம் இரு திசையிலும் வந்தால், முதலில் கண்ணாடியையும் ரப்பரையும் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரப்பர் இறுகியிருக்கலாம். ஒரு திசையில் மட்டும் வந்தால், ரப்பர் பழையதா என்று பாருங்கள். வெயிலில் நெடுநாள் நின்ற வண்டியில் உதடு ஒரே பக்கமாகச் சாய்ந்து இறுகிவிடும், பிறகு புரளாது. ரப்பர் புதிதாக இருந்தும் அதே சத்தம் என்றால் கையின் சாய்வைப் பாருங்கள். கை கண்ணாடியை அழுத்தாமல் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங் ஓய்ந்துபோயிருக்கும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள். எண்ணெய், மண்ணெண்ணெய் எதையும் ரப்பரில் தடவாதீர்கள். ரப்பர் ஊறிக் கெடும், கண்ணாடியிலும் பிசுக்குப் படியும். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் பிடிக்கவில்லை என்பதற்காக வைப்பரை அணைத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, நியூயார்க் நகரில் பனியும் மழையும் கலந்து பெய்த ஒருநாள், டிராம் ஓட்டுநர் முன்கண்ணாடி வழியே பாதை தெரியாமல் அவதிப்பட்டதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த யோசனையால் கையால் இயக்கும் வைப்பரை உருவாக்கி, 1903-இல் காப்புரிமை பெற்றார். ஓட்டுபவரின் கண்ணுக்காகப் பிறந்த கருவி அது. நாமோ காதின் சுகத்துக்காக அதை அணைத்து வைத்திருந்தோம்.

அன்று மாலை பிள்ளைகள் வந்தமர்ந்ததும், பாடம் தொடங்கும் முன் அந்தச் சிறுவனை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நாம் எழுந்து நின்றோம். அவனைக் கண்டித்தது எல்லாரின் முன்னிலையிலும் அல்லவா? தனியே அழைத்து வருத்தம் தெரிவிப்பது எளிது. ஆனால் அது அவனுக்குச் சேரவேண்டிய நீதி ஆகாது. “வைப்பரை வளைத்தது நாம்தான். விசாரிக்காமல் உன்மீது பழி போட்டோம். எங்களை மன்னித்துவிடு” என்றோம். பிறரைப் பற்றிக் கெட்ட எண்ணம் கொள்வதைத் தவிர்க்க வேண்டும் என்று அதே அறையில், அதே பாயில் அமர்ந்து நாம் பாடம் நடத்தியவர்கள்தாம். அந்தப் பாடம் அன்றுதான் நமக்கு நடந்தது.

அவன் தலை குனிந்து நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்: “அப்ப சத்தம் போயிடுச்சா ஹஜ்ரத்?”

“போய்விட்டது” என்றோம். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தன்மீது விழுந்த பழியைவிட வண்டியின் சத்தமே அவனுக்குப் பெரிய கவலையாக இருந்திருக்கிறது.

இரண்டு ஜோடி பிளேடுகளுக்கு மக்தபின் கணக்கில் எழுதிய 700 ரூபாயை அந்த வாரமே நம் கையிலிருந்து செலுத்திவிட்டோம். தேவையற்ற அந்தச் செலவு நம் அவசரத்தால் வந்தது; ஜமாஅத்தாரின் பணம் அதற்கு ஈடாகக் கூடாது.

இப்போது கவரை எடுக்கும்போது, முதலில் கயிற்றை விடுவித்துவிட்டே இழுக்கிறோம். ஒவ்வொரு வாரமும் கண்ணாடியைக் கழுவும் பொறுப்பைப் பிள்ளைகள் முறைவைத்து ஏற்றுக்கொண்டார்கள். வைப்பர் கையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை மட்டும் அந்தச் சிறுவனுக்கு உரியது. இந்த மழைக்காலத்தில் அவன் நமக்கு அருகில், முன்னிருக்கையில் அமர்ந்துவருகிறான். அல்லாஹ் நம் பிழைகளை மன்னித்து, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.