ஸ்டாண்டர்டா, டிராயிங்கா?

உங்களுக்குத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பவர் பிரஸ், இரண்டு சி.என்.சி. மெஷின், பதினெட்டு ஆட்கள். கார் கம்பெனிக்கு சப்ளை செய்கிற கம்பெனிக்கு நீங்கள் சப்ளை செய்கிறீர்கள். ஒருநாள் ஒரு புது பர்ச்சேஸ் மேனேஜர் போனில் வந்து, "வெப்சைட் லிங்க் அனுப்புங்க சார், பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்கிறார். உங்களிடம் இருப்பதோ விசிட்டிங் கார்டு.

அவசரமாக இரண்டு பேரிடம் கொட்டேஷன் கேட்கிறீர்கள். குரோம்பேட்டைப் பையன் ஒருவன், "வேர்ட்பிரஸ்ல பண்ணிடலாம் சார், இருபத்தஞ்சாயிரம்" என்கிறான். இன்னொருவர் லேப்டாப்போடு காரில் வந்து இறங்கி, "அதெல்லாம் ரெடிமேட் சார். லாராவெல்ல உங்களுக்குன்னே கஸ்டமா பண்ணித் தர்றோம், ரெண்டரை லட்சம்" என்கிறார்.

நான் பி.காம். படித்தவன். புரோகிராம் எழுத வராது. ஆனால் ஒன்றுக்குப் பத்து என்று விலை வித்தியாசம் வந்தால், இருவரும் ஒரே சரக்கை விற்கவில்லை என்பது மட்டும் புரிந்துவிடும்.

பட்டறைக்காரரான உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். எம்8 போல்ட் வேண்டுமென்றால் டிராயிங் போடுவீர்களா? பாரிமுனைக்கு ஆள் அனுப்பி டஜன் கணக்கில் வாங்கி வருவீர்கள். அது ஸ்டாண்டர்ட் ஐட்டம். கஸ்டமர் கேட்கிற பிராக்கெட் அப்படியில்லை. அவர் டிராயிங் தருவார், நீங்கள் டை செய்தாக வேண்டும். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா எல்லாம் முதல் ரகம். கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக சி.எம்.எஸ். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், டைப் அடித்து, படத்தைச் சேர்த்து, ஒரு பட்டனைத் தட்டினால் உலகம் பார்க்கும். லாராவெல், ஜாங்கோ, ரெயில்ஸ் ஆகியவை ஃப்ரேம்வொர்க். அவை தளமே இல்லை. புரோகிராமர் தளம் கட்டுவதற்கான டூல் ரூம். அதை வாங்கி உங்கள் மேஜைமேல் வைத்தால் ஒரு பக்கம்கூடத் தெரியாது.

அரசாங்கத்திலேயே இரண்டும் உண்டு. திருமுடிவாக்கம் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பிறகு வேறொரு மாவட்டத்துடையதைப் பாருங்கள். கலெக்டர் படம், சுற்றுலா இடங்கள், டெண்டர் அறிவிப்பு... ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். தேசிய தகவலியல் மையம் எஸ்3வாஸ் என்ற பெயரில் தருகிற அச்சு அது. கலெக்டர் மாற்றலாகிப் போனால் படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும், அதற்கு இன்ஜினீயர் வேண்டாம். ஆனால் பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட்டில் நீங்கள் வில்லங்கம் பார்க்கிறீர்கள், வழிகாட்டி மதிப்பு தேடுகிறீர்கள், கட்டணம் கட்டுகிறீர்கள், சார்பதிவாளரிடம் போக நேரம் குறிக்கிறீர்கள். இதற்கு ரெடிமேட் சட்டை கிடையாது. அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும்.

ஜாங்கோ பிறந்த இடம் எங்கள் ஜாதி. அதாவது, பத்திரிகை ஆபீஸ்! அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் என்ற ஊர்ப் பத்திரிகை. 2003-ல் அங்கே வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் எழுத ஆரம்பித்தது. எடிட்டர் காலையில் கேட்டதை சாயங்காலமே காட்டியாக வேண்டும் (எடிட்டர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான்). திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்து அலுத்து, பொதுவான பாகங்களைப் பிரித்து அடுக்கினார்கள். 2005-ல் ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற கிடார் கலைஞரின் பெயரை வைத்து இலவசமாக வெளியிட்டார்கள். கதையின் சுவாரஸ்யம் இனிமேல்தான். அதே பத்திரிகை நிறுவனம் ஜாங்கோவை வைத்து எலிங்டன் என்று ஒரு சி.எம்.எஸ். செய்து மற்றப் பத்திரிகைகளுக்கு விற்றது. டூல் ரூம் புரோகிராமருக்கு. நிருபர் கைக்கு எழுதுகிற பெட்டிதானே வேண்டும்?

உங்களுக்கு வேண்டியது என்ன? மெஷின் பட்டியல், எத்தனை டன் பிரஸ், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், நாலு படம், போன் நம்பர். இதற்கு ரெண்டரை லட்சம் கொடுத்தால், டேலி வாங்காமல் சொந்தமாக அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் எழுதச் சொன்ன கதையாகிவிடும். அதைவிட மோசம், நாளைக்குப் புதுசாக ஒரு மெஷின் வந்தால் அதன் படத்தைப் போட நீங்கள் அதே ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கலாம். அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருப்பார்.

அதற்காகப் பையன் சொல்வதையெல்லாம் கேட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, "ஜாப் ஆர்டர் எந்த ஸ்டேஜில் இருக்கு, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னு கஸ்டமர் லாகின் பண்ணிப் பார்க்கணும்" என்று கேட்பீர்கள். "அதுக்கும் பிளக்இன் இருக்கு சார்" என்பான். இருக்கும். வேர்ட்பிரஸ்ஸுக்கு இலவசமாகவே சுமார் 60 ஆயிரம் பிளக்இன்கள் உண்டு. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு ஆள். ஒருவர் அலுத்துப்போய்க் கைவிட்டால் உங்கள் ஜாப் கார்டு நடுவழியில் நிற்கும். ரெண்டரை லட்சத்துக்காரரை அன்றைக்குக் கூப்பிடுங்கள், அவருக்கு அது சரியான வேலை. வெப்சைட் பாட்டுக்குத் தனியாக இருக்கட்டும்.

கொட்டேஷனில் இல்லாத செலவு ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபலில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, அடைக்கும் வழியையும் அறிவித்தார்கள். ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காத ட்ரூபல் 7 தளங்கள் எல்லாவற்றிலும் ஆள் புகுந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். ஏழே மணி நேரம்! நம்மூரில் பலர் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிட்டது. ஃப்ரேம்வொர்க்கிலும் ஓட்டை வரும். பிரஸ்ஸுக்கு எண்ணெய் போட ஆள் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? இதற்கும் மாதாமாதம் அப்டேட் போட, பேக்கப் எடுக்க ஒரு ஆள், ஒரு தொகை. இது முதலீட்டுக் கணக்கில் வராது. வருஷா வருஷம் செலவுக் கணக்கில் எழுத வேண்டியது. முதல் நாளே பேசிவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகிறது? பையன் தன் பெயரில், தன் ஈமெயிலில் வாங்கிவைத்தால் உங்கள் பட்டறையின் போர்டு அவன் வீட்டில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதை உங்கள் பெயருக்கு வாங்கச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.