பேரனும் கையடக்க ஜி.பி.எஸ்ஸும்

போர்ட்லண்டில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது பேரன் எனக்கு ஜியோகேச்சிங் பழக்கிவிட்டான். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத் தேடும் விளையாட்டு. பிறந்ததும் அந்த ஆரிகன் மாநிலத்தில்தான். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. உடனே டேவ் உல்மர் என்பவர் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்தார்.

மலைக்காட்டில் செல்போன் எடுக்காது. அதனால் கிளம்புமுன்பே ஜி.பி.எக்ஸ் ஃபைலை கேபிள் வழியாகக் கருவியில் ஏற்றிவிடுவான். இரண்டு நிமிட வேலை. சர்வே துறையில் சங்கிலி பிடித்த நான் விடுவேனா? ஒரு புள்ளியையாவது கையால் அடிக்கச் சொன்னேன். அட்சரேகையில் நிமிடத்தின் மூன்றாம் தசமத்தில் ஒன்று கூடினால் இரண்டு மீட்டருக்குள்தான் தள்ளும். முதல் தசமத்தில் கூடினால் 185 மீட்டர்.

"அய்யோ தாத்தா, ஆத்துக்குள்ள போயிடும்!"

கார் நிறுத்தும் இடத்தையும் ஒரு புள்ளியாகக் குறிக்க வைத்தேன். டப்பா கிடக்கட்டும், பிள்ளை வீடு திரும்ப வேண்டாமா?

நான் ஊர் திரும்பியபின் ஒருநாள் மருமகள் போன் செய்தாள். மூடுபனியில் பாதை தெரியாமல், அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் அப்பாவும் மகனும் கார் வந்து சேர்ந்தார்களாம். டப்பா கிடைக்கவில்லையாம்.