தரம் பிறக்கும் இடம்



"டிப்ளமோ முடிச்சுட்டு என்னப்பா வேலை பாக்குறே?" என்று ஊரில் கேட்கிறார்கள். "சப்ளையர் குவாலிட்டி" என்றால் யாருக்கும் புரிவதில்லை. வெளியே செய்து வாங்கும் உதிரிபாகங்களின் தரத்தை, செய்கிற இடத்துக்கே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. என் பங்குக்கு வந்தது ஹீட் சிங்க். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்குள் இருக்கும் மாட்யூலின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் துண்டு.

பார்க்கச் சாதாரணம்தான். ஆனால் மாட்யூல் உட்காரும் முகம் மட்டம் தவறினால் இடையில் காற்று புகுந்துவிடும். அலுமினியத்தைவிடக் காற்று 7,000 மடங்குக்கும் மேல் மோசமான வெப்பக் கடத்தி! நடுவில் தடவும் பேஸ்ட்டும் மெல்லிய படலமாக இருந்தால்தான் பயன். பல மாட்யூல்களில் சிலிக்கன் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிரைவ் அவுட். அதை நம்பி ஓடும் மெஷினும் நிற்கும்.

கோவைப் பக்கம் ஒரு சிறு பட்டறையிலிருந்து 200 துண்டுகள் வந்தன. டிராயிங் கேட்ட மட்டம் 0.05 மில்லிமீட்டர், பல துண்டுகளில் எங்கள் டயல் காட்டியதோ 0.12. "ரிஜெக்ட் போட்டு அனுப்பு" என்றார்கள். அனுப்பினால் அங்கே எட்டுப் பேரின் சனிக்கிழமைச் சம்பளம் தொங்கும். பாஸ் போட்டால் எங்கோ ஒரு டிரைவ் வேகும். நேரில் போனேன்.

"எங்ககிட்ட செக் பண்றப்போ கரெக்டாத்தானுங்க தம்பி இருந்துச்சு" என்றார் முதலாளி. பொய்யில்லை. மில்லிங் மெஷினில், வைஸில் பிடித்தபடியே டயல் ஓட்டினால் முள் அசையவேயில்லை. "அண்ணா, வைஸைத் தளர்த்திட்டு ஓட்டுங்க" என்றேன். முள் நகர்ந்தது! இறுக்கிப் பிடித்ததில் வளைந்த துண்டை மட்டமாகச் சீவியிருக்கிறார்கள். பிடி விட்டதும் துண்டு தன் நிலைக்குத் திரும்ப, சீவிய முகம் வளைந்துவிட்டது.

பரிகாரம் எளிது. கனமான கட் முடிந்ததும் வைஸைத் தளர்த்தி, மறுபடி மெதுவாகப் பிடித்து, கடைசிக் கட்டை லேசாக எடுப்பது. கழற்றிய பிறகே அளப்பது. தடிமனில் இடமிருந்த துண்டுகளை அப்படியே மறுபடி சீவித் தேற்றினோம். 11 துண்டு தேறவில்லை. ரிஜெக்ட் என்றே எழுதினேன். அண்ணனும் முகம் சுளிக்கவில்லை.

தோழர்களே, ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்ட யாராலும் முடியும். மெஷின் பக்கத்தில் நின்று "ஏன்?" என்று கேட்க, ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்த நம்மால் முடியும். லேபில் டயல் கேஜைத் தொடும்போது, அளவு சரியா என்று மட்டுமல்ல, எந்த நிலையில் அளந்தோம் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி உங்களுக்குச் சோறு போடும்!