முதல் வெள்ளி கூண்டு... அடுத்த வெள்ளி கிளி!

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளாஸ் இல்லையா? ஸ்பென்சர், மெரினான்னு பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்காம, பீச் - தாம்பரம் ரயில்ல ஏறி பல்லாவரத்துல இறங்கிடுங்க. திரிசூலத்துக்கு அடுத்த ஸ்டேஷன். பழைய டிரங்க் ரோட்டுக்கு வழி கேட்கவே வேண்டாம். முன்னாடி போற கூட்டத்துக்குப் பின்னாடியே நடந்தா போதும்!

வாரத்துல ஒரே ஒரு நாள் சந்தை. கை ஒடிஞ்ச நாற்காலி, ஓடாத கடிகாரம், ஒரு கால் செருப்பு, ரோஜாச் செடி, கருவாடு, கிடார், டி.வி. ரிமோட்... 'இதையெல்லாம் யார் வாங்குவா?'ன்னு நீங்க யோசிச்சிட்டு இருக்கும்போதே பக்கத்துல ஒருத்தர் அதை பேரம் பேசி வாங்கிட்டுப் போயிருப்பார். தலைக்கு மேல விமானம் இரைஞ்சுக்கிட்டே போகும். கீழ கூண்டுகளுக்குள்ள சிறகு படபடக்கும். பறக்கிறதையும் பறக்க முடியாததையும் ஒரே இடத்துல பார்க்கணும்னா பல்லாவரம்தான் பாஸ்!

இந்தப் பறவைக் கடைகள் பக்கம் வந்ததும் நம்மாளுங்க மனசு தடால்னு விழுந்துடும். மஞ்சள், நீலம், பச்சைன்னு ஒரு ஜோடி தோளோட தோள் உரசிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். "எடுத்துக்கோ தம்பி, கூண்டோடவே தர்றேன்"னு கடைக்காரர் ஒரு குட்டிக் கூண்டை நீட்டுவார். அங்கதான் நிக்கணும். ஜோடி உங்களுக்குப் பிடிச்சிருக்கு, ரைட்டு. அந்தக் கூண்டு ஜோடிக்குப் பிடிக்குமா?

முதல்ல, எந்தக் கிளி?

பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்துல வளையம்... நம்ம ஊர் பச்சைக்கிளி வேணும்னு ஆசையா? அந்த ஆசையை அங்கேயே விட்டுடுங்க. 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கிறது, விற்கிறது, வாங்குறது, வீட்டுல வளர்க்கிறது எல்லாமே குற்றம். ஜெயில், அபராதம் ரெண்டும் உண்டு. 'பக்கத்து வீட்டுப் பாட்டி வளர்க்கிறாங்களே', 'ஜோசியக்காரர் வச்சிருக்காரே'ன்னு கேட்டா, அவங்களுக்கும் அதே சட்டம்தான். எந்தச் சந்தையிலயாவது யாராவது ரகசியமா "பச்சைக்கிளிக் குஞ்சு இருக்கு, வேணுமா?"ன்னு காதைக் கடிச்சா, மரப்பொந்துல தாய்கிட்டேர்ந்து பறிச்சது அதுன்னு புரிஞ்சுக்கிட்டு நகர்ந்துடுங்க.

அப்போ எதை வளர்க்கலாம்? கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெளிநாட்டு இனங்களை. நாம 'லவ் பேர்ட்ஸ்'னு சொல்றோமே, அதுக்கு நிஜப் பேரு பட்ஜரிகர். செல்லமா பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காக்காரங்க. கடையில 'ஆப்பிரிக்கன்'னு சொல்லுவாங்க. தலையில கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு வச்சிருக்கிறது காக்டெய்ல். அதுவும் ஆஸ்திரேலியாதான். ஆப்பிரிக்கன் வகைகள்ல சிலது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. அப்படிப்பட்ட இனங்களை வச்சிருந்தா 2024-ல வந்த மத்திய அரசு விதிப்படி பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும். பட்ஜியும் காக்டெய்லும் அந்தப் பட்டியல்ல இல்லை. முதல் தடவையா வளர்க்கிறவங்களுக்கு அந்த ரெண்டுல ஒண்ணுதான் தலைவலி இல்லாத சாய்ஸ்.

ஸ்கேலை எடுங்க!

கிண்டல் இல்லை. ஜியோமெட்ரி பாக்ஸ்ல தூங்குற அந்த ஸ்கேல்தான் சந்தையில உங்க ஆயுதம்.

ஒண்ணு, நீளம். பறவை ஹெலிகாப்டர் இல்லை, நேரா மேல கிளம்புறதுக்கு! அது பக்கவாட்டுல பறக்கிற ஜீவன். ஆளுயரத்துக்கு ஒல்லியா நிக்கிற கூண்டைவிட, அகலமா படுத்த மாதிரி இருக்கிற கூண்டுதான் அதுக்கு வீடு. ஒரு ஜோடி பட்ஜிக்கு குறைஞ்சது 30 இன்ச் நீளம், 18 இன்ச் அகலம், 18 இன்ச் உயரம். ஒரு ஜோடி காக்டெய்லுக்கு 36 இன்ச் நீளம், 24 இன்ச் அகலம், 24 இன்ச் உயரம். இதைவிடப் பெருசு கிடைச்சா இன்னும் நல்லது. கோபுரம், குடிசை, பந்து மாதிரி ரவுண்டா இருக்கிற கூண்டெல்லாம் பார்க்க சூப்பரா இருக்கும். ஆனா உள்ள சிறகடிக்க இடமும் இருக்காது, ஒதுங்கி உட்கார ஒரு மூலையும் இருக்காது.

ரெண்டு, கம்பி இடைவெளி. பட்ஜிக்கு அரை இன்ச்சுக்கு மேல போகக் கூடாது. அதிகமானா தலையை வெளியே விட்டுட்டு உள்ளே இழுக்க முடியாம மாட்டிக்கும். காக்டெய்லுக்கு அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட இருந்தா பரவாயில்லை. ரெண்டு பக்கமாவது கம்பி படுக்கை வாட்டத்துல ஓடணும். கிளி காலால மட்டும் நடக்காது. மூக்கையும் சேர்த்துப் பிடிச்சு ஏறும். படுக்கைக் கம்பிதான் அதுக்கு ஏணி.

மூணு, கம்பியோட மேல்பூச்சு. பளபளன்னு கண்ணைப் பறிக்கிற புது ஜி.ஐ. கம்பிக் கூண்டா? அந்தப் பளபளப்பு துத்தநாகம். கிளி நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கும். சுரண்டி வர்ற துத்தநாகம் வயித்துக்குள்ள போனா விஷம். கட்டி கட்டியா பூச்சு வழிஞ்ச கூண்டை ஒதுக்கிடுங்க. வாங்கித்தான் ஆகணும்னா வினிகர் ஊத்தி பிரஷ்ஷால நல்லா தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவச்ச பிறகுதான் குடியேத்தணும். பட்ஜெட் இடம் கொடுத்தா பவுடர் கோட்டிங் கூண்டு பெட்டர். பெயின்ட் உரிஞ்ச, துருப்பிடிச்ச செகண்ட் ஹேண்ட் கூண்டு எவ்வளவு மலிவா வந்தாலும் வேணாம்.

நாலு, கதவு. மேல தூக்கி கீழ விடுற ஷட்டர் கதவு டபக்னு கழுத்து மேல விழும். அதோட, காக்டெய்ல் மூக்காலயே அதைத் தூக்கிட்டு எஸ்கேப் ஆகிடும். பக்கவாட்டுல திறக்கிற கதவாப் பாருங்க. ஷட்டர் கதவுதான் கிடைச்சதுன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொக்கி மாட்டுங்க. கீழ இழுக்கிற டிரே இருக்கான்னும் பார்த்துக்கோங்க. அதுல பழைய நியூஸ் பேப்பர் விரிச்சா தினம் மாத்துறது ரெண்டு நிமிஷ வேலை.

'பானை ஃப்ரீ' மேட்டர்

கூண்டு வாங்கினா ஓட்டை போட்ட ஒரு குட்டி மண்பானையும் கொடுப்பாங்க. "ராத்திரி தூங்குறதுக்கு"ம்பாங்க. உஷார்! அது பெட்ரூம் இல்லை, பிரசவ வார்டு. பட்ஜி ஜோடி பானையைப் பார்த்தா குடும்பம் நடத்தத் தயாராகிடும். நாலு முதல் ஆறு முட்டை, சுமார் 18 நாள்ல குஞ்சு. ரெண்டு பேருக்குன்னு வாங்கின வீட்டுல எட்டுப் பேர்! குஞ்சுகளை என்ன பண்றதுன்னு தெரியாம கிடைச்சவங்களுக்கு எல்லாம் தானம் பண்ற நிலைமை வேணாம்னா, பானையை வாங்காதீங்க. தூங்குறதுக்குக் குச்சி போதும்.

குச்சின்னதும் இன்னொண்ணு. கூண்டோட வர்ற வழவழ பிளாஸ்டிக் குச்சியைக் கழட்டிடுங்க. நாள் முழுக்க ஒரே கனத்துல நின்னா பாதம் புண்ணாகும். வேம்பு, கொய்யாக் கிளைகளை வெட்டி, கழுவி, காயவச்சு மாட்டுங்க. ஒண்ணு ஒல்லி, ஒண்ணு கொஞ்சம் தடிமன்னு மாறி மாறி இருக்கட்டும். அரளிக் கிளை மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷம். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு நேர் மேல குச்சி வைக்காதீங்க. ஏன்னு ஒரே நாள்ல புரிஞ்சிடும்! மூக்கைத் தீட்டவும் கால்சியத்துக்கும் ஒரு துண்டு கடல் நுரையைக் கம்பியில சொருகிடுங்க.

வீட்டுல எங்க வைப்பீங்க?

கிச்சன் பக்கமே கூடாது. நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறி சூடானா கிளம்புற புகை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனா நிமிஷக் கணக்குல கிளியைக் கொன்னுடும். கொசுவத்தி, ஊதுவத்தி, சிகரெட், ரூம் ஸ்ப்ரே எல்லாமே அந்தச் சின்ன நுரையீரலுக்கு எமன். பால்கனியில நேர் வெயில், பூனை, காக்கா... அதுவும் ரிஸ்க். ஹால்ல ஒரு பக்கம் சுவர் ஒட்டி, உங்க நெஞ்சு உயரத்துல, காத்தும் வெளிச்சமும் வர்ற இடம்தான் பெஸ்ட். ராத்திரி 10 மணி நேரமாவது தூக்கம் வேணும். நீங்க மேட்ச் பார்த்துட்டுக் கத்துற ஹால்னா, சீக்கிரமே மெல்லிசான காட்டன் துணி போட்டு மூடுங்க. காக்டெய்ல் இருட்டுல திடீர்னு பயந்து கம்பியில மோதிக்கும். அதுக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் லைட் எரியட்டும்.

ஒரு கணக்கு போடுவோமா?

இவ்வளவும் கூண்டுக்காக. இனி உங்களைப் பத்தி. பட்ஜி நல்லா பார்த்துக்கிட்டா 5 முதல் 10 வருஷம் இருக்கும். காக்டெய்ல் 15 வருஷம், அதுக்கு மேலயும் போகும். நீங்க இப்போ செகண்ட் இயர். டிகிரி முடிஞ்சு, பெங்களூர்ல வேலை கிடைச்சு, கல்யாணம் ஆகி, குழந்தை ஸ்கூல் போற வரைக்கும் அது கூடவே வரும். ஹாஸ்டல் ரூம்ல ஒளிச்சு வச்சு வளர்க்கிறது, தோழியோட பர்த்டேக்குக் கிஃப்டா கொடுக்கிறது, பிரேக்-அப் ஆனதும் ஃப்ரெண்டு தலையில கட்டுறது... இதெல்லாம் அந்த ஜோடி கேட்காத தண்டனை.

'முடியலைன்னா திறந்து விட்டுடலாமே, புண்ணியம்'னு நினைக்காதீங்க. கூண்டுல பிறந்த பட்ஜிக்கு சென்னையில இரை தேடத் தெரியாது. முதல் காக்காவே அதுக்குக் கடைசிக் காக்கா ஆகிடும். நல்லா வளர்ப்பாங்கன்னு தெரிஞ்ச வேற வீட்டைத் தேடிக் கொடுக்கிறதுதான் வழி.

அதனால ஒரு யோசனை. பல்லாவரத்துக்கு ரெண்டு தடவை போங்க. முதல் வெள்ளிக்கிழமை காலிக் கூண்டை மட்டும் வாங்கிட்டு வாங்க. கழுவுங்க, காயவைங்க, குச்சி மாட்டுங்க, ஹால்ல வைங்க. தினமும் காலையில அந்தக் காலிக் கிண்ணத்துல தண்ணி மாத்துங்க, பேப்பர் மாத்துங்க. வீட்டுல எல்லாரும் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். இன்டர்னல் எக்ஸாம் அன்னிக்கு யார் மாத்துவா, பொங்கலுக்கு ஊருக்குப் போனா யார் பார்த்துக்குவான்னு அம்மாகிட்ட பேசி முடிவு பண்ணுங்க. ஏழு நாள் விடாம செஞ்சீங்கன்னா அடுத்த வெள்ளிக்கிழமை தைரியமா போய் ஜோடியைக் கூட்டிட்டு வாங்க. மூணாவது நாளே போரடிச்சிடுச்சா? நஷ்டம் ஒரு கூண்டோட போச்சு.

அப்பவும் கிளி ஆசை தீரலையா? மதுரை மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்துல 'கிளிக்கூண்டு மண்டபம்'னே ஒண்ணு இருக்கு. ஒரு காலத்துல அங்க கூண்டு கூண்டா கிளிகள் இருந்துச்சு. இன்னிக்கு பேர் மட்டும்தான் மிச்சம். சென்னை ராயப்பேட்டையிலயோ, கேமரா ரிப்பேர் பண்ற ஒருத்தர் 2004 சுனாமிக்கு அப்புறம் மொட்டை மாடியில அரிசி வைக்க ஆரம்பிச்சு, பல வருஷம் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளுக்குச் சோறு போட்டார். கைப்பிடிச் சுவர் முழுக்கப் பச்சையா வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு கம்பி கிடையாது, ஒரு கதவு கிடையாது.

உங்க வீட்டுலயும் மொட்டை மாடி இருக்குல்ல? ஒரு கிண்ணம் தண்ணி, ஒரு பிடி ஊறவச்ச அரிசி. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்குக் காலையிலயே ஆரம்பிச்சிடலாம்!