மூணு பகடை... ஒரு எக்செல் ஷீட்!

நியூயார்க் போனா எல்லாரும் சுதந்திர தேவி சிலைக்குத்தான் ஓடுவாங்க. நீங்க கணக்குப் பைத்தியமா பாஸ்? அப்போ லாங் ஐலண்ட் ரயிலைப் பிடிங்க. ஜமைக்கா ஸ்டேஷன்ல (கரீபியன் தீவு இல்லீங்க, இதுவும் நியூயார்க்தான்!) ஆய்ஸ்டர் பே வண்டிக்கு மாறினா, க்ளென் ஹெட்னு ஒரு குட்டி ஊர் வரும். 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' பேஸ்பால் விளையாட்டுக் கம்பெனி பல வருஷம் இருந்தது அந்த ஸ்டேஷன் பக்கத்துலதான்.

பேஸ்பால் சீசன் முடிஞ்சு, அந்த வருஷ ஆட்டத்தை வெச்சு வீரர்களுக்குப் புது கார்டு போடுவாங்க. ரிலீஸ் அன்னைக்கு, குளிர்ல, ஆபீஸ் வாசல்ல கியூ நின்ன காலம் உண்டு. முதல் நாள் முதல் ஷோ மாதிரி! ஏன்னா அடுத்து டிராஃப்ட். நண்பர்கள் முறை வெச்சு ஆளுக்கொரு வீரரா எடுப்பாங்க. ஒருத்தர் எடுத்துட்டா மத்தவங்களுக்கு அவர் இல்லை.

இதை உருவாக்கின ஹால் ரிச்மன் 11 வயசுலயே பகடையை உருட்டி உருட்டி கணக்குப் பார்த்தவர். 1961ல 80 வீரர்களோட ஆரம்பிச்சார். கையைக் கடிச்சப்போ அப்பாகிட்டே கடன். தேறலைன்னா அப்பாவோட இன்ஷூரன்ஸ் தொழிலுக்குப் போகணும்னு நிபந்தனை வேற!

ஆட்டம் சிம்பிள். மூணு பகடை. முதல் பகடையில 1, 2, 3 விழுந்தா பேட்டரோட கார்டு. 4, 5, 6 விழுந்தா பந்து போடுறவர் கார்டு. ஆக, எவ்வளவு பெரிய பேட்டரா இருந்தாலும் பாதி விதி எதிராளி கையில. மத்த ரெண்டு பகடையின் கூட்டல்தான் ரிசல்ட்.

இங்கேதான் நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர் உதவும். கூட்டுத்தொகை 7 வர 36ல் 6 வாய்ப்பு. 12 வர ஒண்ணே ஒண்ணு. ஒருத்தர் கார்டுல ஹோம் ரன் 6, 7, 8ல் இருக்கு. இன்னொருத்தருக்கு 2, 3, 12ல். ரெண்டு பேருக்கும் மூணு வரிதான். ஆனா எக்செல்ல போட்டா முதல் ஆளுக்கு 16, ரெண்டாவது ஆளுக்கு வெறும் 4!

அதிகப் புள்ளி வாங்கினவரை அப்படியே தூக்கிடாதீங்க. ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்னு வெளுக்கிறவங்க நிறைய பேர் கிடைப்பாங்க. நல்லா பந்தும் பிடிச்சு, அடிக்கவும் தெரிஞ்ச ஷார்ட்ஸ்டாப் அபூர்வம். அதனால இன்னொரு காலம் சேருங்க: இவரோட புள்ளியில இருந்து, உங்க அடுத்த முறை வரும்போது அதே இடத்துக்கு மிச்சம் இருக்கப்போறவரோட புள்ளியைக் கழிங்க. என்னைக் கேட்டா அந்தக் காலத்தைத்தான் நம்புவேன். 12 பேர் ஆடுற லீக்ல முதல்ல எடுக்கிறவருக்கு, ரெண்டாவது சுற்று தலைகீழா வர்றதால, அடுத்த வாய்ப்பு 24ஆவதுதான். அதுக்குள்ள 22 பேர் பறந்திருப்பாங்க.