தமுக்கம்

சீமைப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளை நாவல்களில் படித்துவிட்டு, உங்கள் நத்தத்துப் பக்கம் அப்படி ஒன்று உண்டா என்று ஒரு நண்பர் கேட்டார். மதுரைக்குப் பஸ் ஏறுங்கள், தல்லாகுளத்தில் தமுக்கம் இருக்கிறது என்றேன். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிகிற வரையில் நத்தமும் மதுரை ஜில்லாதானே!

அது துரைமார் கட்டியதல்ல. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை என்பார்கள். வளைவும் குவிமாடமுமாக நாயக்கர் காலத்து வேலை. பிற்பாடு வெள்ளைக்காரக் கலெக்டர்கள் அதில் குடியேறினார்கள். சீமையில் வீடு கட்டுகிறவன் வெயிலை உள்ளே அழைக்கப் பெரிய ஜன்னல் வைப்பான். குளிருக்குக் கணப்பும் வைப்பான். இங்கே கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடும். துரைக்கு அது பிடித்துப்போனதில் என்ன அதிசயம்?

1959இல் நேரு அதைக் காந்தி மியூசியமாகத் திறந்துவைத்தார். காந்திஜி சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது 1921இல், இதே மதுரையில்தான். 1948 ஜனவரி 30ஆம் தேதி ரத்தம் தோய்ந்த அவருடைய துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கலெக்டர் படுத்துறங்கிய வீட்டில் அரை வேட்டி!

எங்கள் ஊர்க் குடியானவர் இன்று துண்டைத் தோளிலிருந்து இறக்காமலே அந்தப் படியேறுகிறார்.